பாறை தின்ற ஆயுள்

மனிதனுக்கு ஐம்பது அறுபது ஆண்டுகளில், பார்ப்பவர் கண்ணுக்கும் தெரியாமல் படுகிறவர் மனத்துக்கும் உறைக்காமல், மெல்ல மெல்ல வந்து சேர வேண்டிய மூப்பானது, ஒரு நாள் முற்பகலில் தொடங்கி மறுநாள் விடிவதற்குள் முழுவதுமாக வந்து முடிந்துவிட்டால் என்ன ஆகும் என்ற ஒரே கேள்வியின்மீது கட்டப்பட்ட விஞ்ஞானக் கற்பனைக் கதை, 'ஓல்ட்' என்னும் ஆங்கிலத் திரைப்படம். 2021-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளியான அப்படத்தை எழுதி இயக்கிய எம். நைட் ஷியாமளன், 1970-இல் மாஹேயில் பிறந்து அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வளர்ந்தவர். தந்தையார் மலையாளி, தாயார் தமிழர், இருவரும் மருத்துவர்கள். பியர் ஆஸ்கர் லெவி எழுத, ஃப்ரெடரிக் பீட்டர்ஸ் சித்திரம் தீட்டிய 'சாண்ட்காஸில்' என்ற சித்திரக்கதை நூலைத் தந்தையர் தினப் பரிசாக அவருடைய புதல்வியர் அவர் கையில் கொடுக்க, அதுவே இந்தப் படத்துக்கு வித்தாயிற்று.

கதை எளிது. பிரிந்துவிடுவதென்று தமக்குள் தீர்மானித்துவிட்ட ஒரு கணவனும் மனைவியும், அதற்கு முன் பிள்ளைகளோடு கடைசியாக ஒரு விடுமுறையைக் கழிக்க எண்ணிக் கடலோர விடுதி ஒன்றுக்கு வருகிறார்கள். கணவன், காப்பீட்டு ஸ்தாபனம் ஒன்றுக்காக மனித ஆயுளுக்கு நேரக்கூடிய அபாயங்களைக் கணக்கிடுவதைத் தொழிலாகக் கொண்டவன். மனைவிக்கோ உடலுக்குள் ஒரு கட்டி இருப்பது தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. விடுதி நிர்வாகியின் பரிந்துரையின் பேரில், உயர்ந்த பாறைச் சுவர்கள் மூன்று புறமும் சூழ்ந்து நிற்கும் தனித்ததொரு கடற்கரைக்கு, வேறு சில விருந்தினரோடு அவர்கள் வேனில் அழைத்துச் செல்லப்படுகிறார்கள். அந்த வேனை ஓட்டிச் சென்று அவர்களை இறக்கிவிடுபவராக ஷியாமளனே தோன்றுகிறார். அந்தக் கரையில் அரைமணி நேரம் என்பது உடலுக்கு ஓராண்டு. ஆறு வயதுச் சிறுவன் பிற்பகலுக்குள் வாலிபனாகிறான். அவனோடு மணல்வீடு கட்டி விளையாடிய சிறுமி கருவுற்று, சில நிமிஷங்களில் பிரசவித்து, பிறந்த சிசுவைக் கையில் ஏந்தி முகம் பார்ப்பதற்குள் பறிகொடுக்கிறாள். தாயின் வயிற்றுக் கட்டி கண்ணெதிரே வளர, அதைக் கடற்கரை மணலிலேயே அறுத்து எடுக்கிறார்கள். அறுத்த வாய் மூடிக்கொள்ளாதபடி விரல்களால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. திரும்பிப் போக முயல்பவர்கள் பாறை இடுக்கில் மூர்ச்சையாகி விழுகிறார்கள். இரவு வந்ததும், பார்வை மங்கிய கணவனும் செவி மங்கிய மனைவியும், எதற்காகப் பிரிய நினைத்தோம் என்பதே நினைவில் இல்லாதவர்களாய், அருகருகே உட்கார்ந்தபடி ஒருவர் பின் ஒருவராக உயிர் விடுகிறார்கள்.

படத்தின் இறுதியில்தான் நமக்குத் தெரிகிறது, இது இயற்கையின் விபரீதம் மட்டும் இல்லை என்று. மருந்து ஸ்தாபனம் ஒன்று, வெவ்வேறு வியாதி உள்ளவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, விடுதியில் அவர்கள் பருகும் பானத்தில் புது மருந்தைக் கலந்து கொடுத்து, அக்கரைக்கு அனுப்பிவைத்து, குன்றின் மேலிருந்து தொலைநோக்கியால் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறது. வலிப்பு நோயுள்ள ஒரு பெண்ணுக்கு எட்டு மணி நேரம் வலிப்பு வரவில்லையென்றால், அது பதினாறு ஆண்டுப் பரிசோதனைக்குச் சமானம். ஒரு தலைமுறைக் காலம் காத்திருந்து அறிய வேண்டியதை ஒரே நாளில் அறிந்துகொண்டு, லட்சக்கணக்கான நோயாளிகளைக் காப்பாற்றுகிறோம் என்பது அவர்கள் சொல்லும் சமாதானம்.

அந்த மருந்து ஸ்தாபனத்தின் பெயர் 'வாரன் அண்டு வாரன்'. கோலார் தங்கவயலின் சரித்திரத்தை அறிந்த எவரும் அந்த இடத்தில் சற்றே திடுக்கிடுவர். ஏனெனில், திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மைசூர் ராஜ்யத்தின் எல்லையை அளந்து வந்த ஜான் வாரன் என்னும் ஆங்கிலப் படையின் லெப்டினன்ட்தான், 1802-இல், மாரிக்குப்பம், உரிகம் பகுதிக் கிராமவாசிகள் மண்ணைக் கழுவிப் பொன் எடுப்பதைப் பற்றிக் கேள்வியுற்று, பரிசு கொடுப்பதாக அறிவித்து, அவர்கள் வந்து கழுவிக் காட்டியதை நேரில் கண்டு எழுதிவைத்தவர். பெயர் ஒத்தது தற்செயல். ஷியாமளன் கோலாரை நினைத்திருப்பார் என்று சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது. ஆயினும் பாறை, அந்தப் பாறைக்குள் அகப்பட்ட மனிதர்கள், அவர்களுடைய தேகம் துரிதமாகத் தேய்வதைக் கணக்குப் பார்த்துக்கொண்டு தூரத்தில் இருக்கும் ஒரு ஸ்தாபனம் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்து நின்ற இடம் நம் பக்கத்தில், பங்களூருக்குக் கிழக்கே நூறு கிலோமீட்டர் தூரத்தில், தமிழ் பேசும் ஜனங்கள் நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் உழைத்த ஊராக இருந்தது என்பதால், இந்தப் படத்தை அந்த ஊரிலிருந்து பார்ப்பது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

முதலில் படத்தின் விஞ்ஞானத்தைப் பார்த்துவிடலாம். அக்கரையைச் சூழ்ந்த பாறைகளில் உள்ள ஏதோ ஒருவகைக் காந்தக் கனிமங்கள் உயிரணுக்களை விரைவுபடுத்துகின்றன என்று பாத்திரங்கள் ஊகிக்கிறார்கள். அப்படிப்பட்ட கனிமம் எதையும் உலகம் அறியாது. கதைக்கு அது வேண்டும், நாம் கொடுத்துவிடலாம். ஆனால் முடியும் நகமும் இறந்த அணுக்கள், ஆகையால் அவை மட்டும் வளரவில்லை என்று படம் தரும் விளக்கம் நிற்காது. முடியின் தண்டு உயிரற்றதுதான். அதைத் தோலுக்கடியிலிருந்து இடைவிடாமல் உற்பத்தி செய்து தள்ளுகிற வேர் உயிருள்ளது. மற்ற அணுக்கள் விரைந்தால் அந்த வேரும் விரைந்தே தீர வேண்டும்; மாலைக்குள் எல்லோருக்கும் ஜடை தரையில் புரண்டிருக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளை பதினைந்து வயதுத் தேகத்தை அடைய எத்தனை மூட்டை தானியம் தின்ன வேண்டும் என்ற கேள்வியும் உண்டு. பிள்ளைகள் அடங்காத பசியோடு தின்பதாகக் காட்டி இயக்குநர் அதை ஓரளவுக்குச் சமாளிக்கிறார்.

மூப்பு என்பது உடல் முழுவதற்கும் பொதுவான ஒரே கடிகாரத்தால் நடத்தப்படுவது என்று படம் கொள்வதே அதன் பெரிய குறை. 1961-இல் லெனார்ட் ஹேஃப்லிக் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, சோதனைச்சாலைத் தட்டில் வளர்த்த மனித அணுக்கள் ஏறக்குறைய நாற்பதிலிருந்து அறுபது தடவை வரை பிரிந்து பெருகி, அதன்பின் பிரிவதை நிறுத்திவிடுகின்றன என்று காட்டியபோது, அந்த ஒற்றைக் கடிகாரம் அகப்பட்டுவிட்டது என்றே பலர் எண்ணினார்கள். பின்னர் வந்த ஆராய்ச்சிகள் அத்தனை எளிய விடையைத் தரவில்லை. இயற்கையிலேயே விரைந்து மூப்படையும் குழந்தைகள் உண்டு. 1886-இல் ஜொனாதன் ஹட்சின்ஸன் என்னும் ஆங்கில மருத்துவர் முதன்முதலாக விவரித்த புரொஜீரியா என்னும் அந்த வியாதி, சுமார் 40 லட்சம் பிறப்புகளில் ஒன்றுக்கு நேர்கிற அபூர்வம். அதற்குக் காரணமான மரபணுப் பிழை 2003-இல்தான் கண்டறியப்பட்டது. அணுக்கருவைத் தாங்கி நிற்கும் புரதத்தில் நேரும் கோளாறு அது. 2009-இல் பால்கி இயக்கி, இளையராஜா இசையமைத்து, பி. சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு செய்த 'பா' என்னும் இந்திப் படத்தில், அறுபத்தேழு வயதிலிருந்த அமிதாப் பச்சன் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக நடித்து இவ்வியாதியை நம் நாட்டு ஜனங்களுக்கு அறிமுகப்படுத்தினார். அக்குழந்தைகளுக்குத் தலைமுடி உதிர்கிறது, தோல் மெலிகிறது, இரத்தக் குழாய்கள் முதியவர்களுடையவைபோல் இறுகிப்போகின்றன. பெரும்பாலோர் பதினான்கு பதினைந்து வயதில் இருதயம் நின்று இறக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய புத்தி மூப்படைவதில்லை. வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு சமமாகப் படிக்கிறார்கள், குறும்பு செய்கிறார்கள், வெகுளித்தனமாகச் சிரிக்கிறார்கள். ஆக, தேகத்தின் ஒரு பகுதி எண்பது வயதிலும் மற்றொரு பகுதி எட்டு வயதிலும் ஒரே சரீரத்துக்குள் குடியிருக்க முடியும். ஒவ்வோர் உறுப்புக்கும் தனிக் காலகதி உண்டு. தேகம் முழுவதும் வாலிபமாயிருக்க, நுரையீரல் மட்டும் கிழமாகிவிட முடியும்.

கோலார் தங்கவயலில் நடந்தது இதுவே.

அந்த நிலத்தடியில் பொன் தனியாகக் கிடப்பதில்லை. கருமையான பழம்பாறைக்கு நடுவே செங்குத்தாக இறங்கும் வெண்மையான பளிங்குக்கல் (குவார்ட்ஸ்) வரிகளுக்குள், கண்ணுக்குத் தெரியாத துகள்களாகப் பொதிந்திருக்கிறது. அவற்றில் மிகப் புகழ்பெற்றது சாம்பியன் வரி. 1880-இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்டு ஸன்ஸ் கம்பெனி நிர்வாகத்தை ஏற்று, சில ஆண்டுகளில் அந்த வரியைத் தொட்டது. அன்றுமுதல் வட ஆற்காடு, சேலம், தர்மபுரி, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து, நிலமற்றவர்களும், பஞ்சத்தால் துரத்தப்பட்டவர்களும், ஊர்த் தெருவில் செருப்பணிந்து நடக்கும் உரிமைகூட மறுக்கப்பட்ட சாதிகளில் பிறந்தவர்களுமாகத் தமிழர்கள் சாரிசாரியாக வந்து சேர்ந்தார்கள். கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசைக் குடிசைகளுக்கு 'லைன்' என்று பெயர். இன்றைக்கும் தங்கவயல்காரரை எந்த ஊர் என்று கேட்டால் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்று சொல்லிவிட்டு, எந்த லைன் என்பதையும் சேர்த்துச் சொல்வார். 1902-இல் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். அக்காலத்தில் உலகிலேயே மிக நீண்ட மின்பாதைகளுள் ஒன்று அது. சுரங்கம் ஆண்டுக்காண்டு ஆழமாகி, சாம்பியன் ரீஃப் என்னும் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டரையும் தாண்டி இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். மேலே உள்ள பாறையின் பாரம் தாளாமல் சுவர்கள் வெடிகுண்டுபோல் திடீரென்று சிதறுவதும் உண்டு, அதில் மாண்டவர் பலர்.

வெடித்துச் சிதறிய பாறை கொன்றதை உலகம் அன்றன்றே அறிந்தது. மறுநாள் சவ ஊர்வலம் போயிற்று, சங்கு ஊதிற்று, பத்திரிகையில் வந்தது. தூசியான பாறை கொன்றதைத்தான் யாரும் அறியவில்லை. பளிங்குக்கல்லைத் துளையிடும்போதும், வெடி வைக்கும்போதும், உடைக்கும்போதும் எழுகிற புழுதியில், கண்ணுக்குத் தெரிகிற பருந்தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். அதைச் சளியாகத் துப்பிவிடலாம். ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கும் இல்லாத நுண்துகளோ காற்றோடு காற்றாக நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை சென்று தங்குகிறது. அங்கே காவல் இருக்கும் வெள்ளணு, கிருமியை விழுங்குவதைப்போல் அதையும் விழுங்குகிறது. கிருமி செரிக்கும், கல் செரிக்காது. விழுங்கிய அணு வெடித்து மடிய, வெளிப்பட்ட கல்லை இன்னோர் அணு விழுங்கி அதுவும் மடிய, மடிந்தவற்றைச் சுற்றித் தழும்பு படிந்து, தழும்பு முடிச்சாகி, காற்றுப் பைகளாயிருந்த மெல்லிய திசு நாளடைவில் தோலைப்போல் தடித்துப்போகிறது. இதற்கு சிலிகோசிஸ் என்று பெயர். மாற்று மருந்து இன்றுவரை இல்லை. கொடுமை என்னவென்றால், தூசியை விட்டு விலகி வந்த பிறகும், உள்ளே தங்கிய கல் தன் வேலையை நிறுத்துவதில்லை.

மனிதனுக்கு முப்பது வயதுக்கு மேல் நுரையீரலின் கொள்திறன் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைவது இயற்கை. எழுபது வயதுக் கிழவர் மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்குவது அதனால்தான். அந்த இடத்துக்குச் சுரங்கத் தொழிலாளி முப்பத்தைந்திலோ நாற்பதிலோ வந்து சேர்ந்தார். தோளும் மார்பும் கடைந்தெடுத்தாற்போல் இருக்க, தலையில் ஒரு நரை இல்லாதிருக்க, மாரிக்குப்பம் மேட்டில் நாலடி ஏறினால் உட்கார வேண்டியிருந்தது. தூசி மிகுந்த இடங்களில் ஐந்தாண்டு பத்தாண்டுக்குள்ளேயே முற்றிவிடுகிற வகையை மருத்துவர்கள் துரித சிலிகோசிஸ் என்று தனியாகவே பிரித்திருக்கிறார்கள். இத்தோடு காசநோயும் கூட வந்தது. கல் புகுந்த நுரையீரலில் காசநோய்க் கிருமிக்குத் தடையே இல்லை, காற்றோட்டமற்ற ஒரே அறையில் ஆறேழு பேர் படுத்துறங்கிய லைன் வீடுகளில் அது பரவுவதற்கும் தடையில்லை. இருமலும் இளைப்பும் கண்டு இறந்தவர்களுக்கெல்லாம் 'டிபி' என்று எழுதிவிட்டால் கணக்கு முடிந்துவிடும்.

தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களில் இந்த நோயைப் பற்றி அரசாங்க விசாரணை 1902-ஆம் ஆண்டிலேயே நடந்தது. 1911-இல் அந்நாட்டில் நஷ்டஈட்டுச் சட்டமும் வந்துவிட்டது. துளையிடும்போது நீர் பாய்ச்சினால் தூசி அடங்கும் என்பதும் அன்றைக்கே அறியப்பட்ட சங்கதி. கோலாரிலோ, இந்தியாவின் முதல் சிலிகோசிஸ் நோயாளி என்று மருத்துவ ஏடுகள் குறிப்பது 1934-இல். மைசூர் அரசு இதற்கென்று விதிகள் செய்தது 1940-இல். அதைத் தொடர்ந்து 1946 வரை 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்த மருத்துவர்கள், நூற்றுக்கு நாற்பத்து மூன்று பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருப்பதைக் கண்டார்கள். 1911-க்கும் 1940-க்கும் இடையில் இருபத்தொன்பது ஆண்டுகள். அதற்குள் ஒரு தலைமுறை சுரங்கத்துக்குள் இறங்கி, ஏறி, படுத்து, முடிந்திருந்தது. அந்த இடைவெளி எனக்குப் படத்தின் எந்தக் காட்சியையும்விட அச்சம் தருகிறது. ஷியாமளனின் கதையில் குன்றின்மேல் நின்று தொலைநோக்கியால் பார்ப்பவனாவது பார்க்கிறான், குறிப்பாவது எடுக்கிறான்.

பாகவதத்திலும் பாரதத்திலும் யயாதி என்னும் மன்னனின் கதை வருகிறது. சுக்கிராசாரியாரின் சாபத்தால் நடுவயதிலேயே கிழவனாகிவிட்ட அவன், யாராவது தம் யௌவனத்தைத் தந்தால் மூப்பை மாற்றிக்கொள்ளலாம் என்ற சலுகையைப் பெற்றுவந்து, தன் புதல்வர்களை ஒவ்வொருவராகக் கேட்கிறான். மூத்தவர்கள் மறுத்துவிட, இளையவனான பூரு ஒப்புக்கொண்டு தகப்பனின் நரையையும் திரையையும் தான் ஏற்கிறான். ஒருவன் ஆயுளை வேறொருவன் அனுபவிக்கலாம் என்ற எண்ணத்தை இத்தனை வெளிப்படையாகச் சொன்ன கதை வேறு இல்லை. அதில் கேட்பவன் நேரில் நின்று கேட்கிறான், கொடுப்பவன் தெரிந்து கொடுக்கிறான், கடைசியில் பெற்றவன் திருப்பியும் தருகிறான். படத்தின் கடற்கரையில் அகப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. தங்கவயலில் கேட்கப்பட்டதா என்பதற்கு விடை அவ்வளவு சுலபமில்லை. தந்தைக்கு வந்ததைக் கண்ட மகனும், 'கேஜ்' என்கிற கூண்டில் ஏறி மறுபடி இறங்கினான். கிராமத்தில் இருந்திருந்தால் கூழுக்கும் வழியில்லை, இங்கே வாரக் கூலி உண்டு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு, எவனுக்கும் கைகட்டி நிற்காத தெரு உண்டு. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்தமும், பின்னர் அம்பேத்கர், பெரியார் கொள்கைகளும், பொதுவுடைமைச் சங்கங்களும் அங்கே வேர்விட்டதற்கும் அந்தத் தெருதான் காரணம். அதற்கு விலையாக ஆயுளில் இருபது முப்பது ஆண்டு போகும் என்று ஒளிக்காமல் சொல்லி, நீர் பாய்ச்சும் குழாயையும் கையில் கொடுத்திருந்தால், அதைச் சம்மதம் என்று அழைக்கலாம். அந்தச் சுரங்கங்கள் மூடப்படும் வரை ஈந்த பொன் ஏறக்குறைய 800 டன்.

இதே பாறைக்குள் இதற்கு நேர்மாறான ஓர் அற்புதமும் நடந்தது. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1951-இல் ஹோமி பாபாவின் டாட்டா ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பி. வி. ஸ்ரீகண்டன் என்னும் இளைஞர் கருவிகளை எடுத்துக்கொண்டு கோலார்ச் சுரங்கத்துக்குள் இறங்கினார். ஆகாயத்திலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தின் மேற்பரப்பில் மோதும்போது மியூவான் என்னும் துகள்கள் உண்டாகின்றன. ஒரு மியூவானின் ஆயுள் ஒரு விநாடியைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் இரண்டே பங்கு. அந்த ஆயுளுக்குள் ஒளியே அறுநூற்றுச் சொச்சம் மீட்டர்தான் ஓட முடியும் என்கிறபோது, பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் பிறந்த மியூவான் பூமியை வந்தடையவே கூடாது. ஆனால் வருகிறது. ஒளியை நெருங்கிய வேகத்தில் செல்லும் பொருளுக்குக் காலம் மெதுவாக ஓடுகிறது என்று ஐன்ஸ்டீன் 1905-இல் சொன்னது, அதன்மூலம் நமக்குப் பிரத்தியட்சமாகிறது. தரையை அடைவதோடு நிற்காமல், ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர்க் கல்லைத் துளைத்துக்கொண்டு சாம்பியன் ரீஃபின் ஆழம் வரை வந்து சேருகிற வீரியம் மிக்க மியூவான்களுக்கு, நம் கணக்குப்படி ஆயுள் பல்லாயிரம் மடங்கு நீண்டுவிடுகிறது. 'ஓல்ட்' படத்தின் கடற்கரையில் காலம் விரைந்தது கற்பனை. கோலார்ப் பாறையடியில் வந்து விழுந்த துகள்களுக்குக் காலம் நின்று நின்று நடந்தது மெய்.

அதன்பின், 1965-இல், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா நிலையத்தாரும் ஜப்பானின் ஒஸாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ என்னும் துகளின் தடயத்தை உலகில் முதன்முதலாகக் கண்டவர்களுள் இடம்பெற்றார்கள். 1980 முதல் அதே ஆழத்தில் 140 டன் எடையுள்ள இரும்புத் தகடுகளையும் நுண்ணுணர்வுக் குழாய்களையும் அடுக்கி, அணுவின் உட்கருவிலுள்ள புரோட்டானுக்குக்கூட மரணம் உண்டா என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். சில அடையாளங்கள் தென்பட்டதாக அறிவித்தார்கள். பிற தேசங்களில் இன்னும் பெரிய கருவிகள் அதை உறுதிசெய்யவில்லை. ஒன்றுக்குப் பின் முப்பத்து நான்கு பூச்சியம் இட்டு எழுதினால் வரும் ஆண்டுகளுக்கும் மேலாகப் புரோட்டான் வாழும் என்பது இன்றைய மதிப்பீடு. சடப்பொருளின் ஆயுளை அத்தனை பொறுமையோடும் நுட்பத்தோடும் அளந்த அதே கூண்டுப் பாதையில், நாற்பது வயதில் மூச்சு முடியப்போகிற மனிதர்களும் இறங்கி ஏறிக்கொண்டிருந்தார்கள்.

சுரங்கங்கள் 1956-இல் மைசூர் மாநில அரசின் வசமாகி, பின் மத்திய அரசிடம் சென்று, 1972 முதல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பெயரில் நடந்து, 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டன. இன்று சுரங்கங்கள் நீரால் நிறைந்து கிடக்கின்றன. தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய அரைத்த கல்மாவு, சயனைட் குன்றுகளாக ஊர் நெடுகிலும் நிற்கிறது. அக்குன்றுகளை நம் ஜனங்கள் சினிமாவில் பார்த்திருக்கிறார்கள். 2018-இலும் 2022-இலும் வந்த 'கேஜிஎஃப்' கன்னடப் படங்களும், தங்கவயலின் தொடக்க நாட்களைச் சொல்ல முனைந்து 2024-இல் பா. ரஞ்சித் எடுத்த 'தங்கலா'னும் அந்த மண்ணில் படமாக்கப்பட்டவை. காற்றடிக்கிற மாதங்களில் அம்மாவு எழுந்து வீடுகளின் பாத்திரத்திலும் பாயிலும் படிகிறது. விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் ஆயிரக்கணக்கானவர்கள் பங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டியபின் திரும்புகிறார்கள்.

ஷியாமளனின் கதையில், உயிர் தப்பிய அக்குடும்பத்துப் பிள்ளைகள் இருவரும் போலீசாரிடம் செய்தியைச் சேர்க்க, ஸ்தாபனம் பிடிபடுகிறது. பிள்ளைப் பருவத்திலிருந்து நேரே ஐம்பதை எட்டிவிட்ட அவ்விருவரும் ஹெலிகாப்டரில் அத்தையிடம் திரும்புவதோடு படம் நிறைவுறுகிறது. எனக்கு அந்த முடிவு அவசரமாகத் தோன்றுகிறது. நிஜத்தில் இப்படிப்பட்ட காரியங்கள் பிடிபடுவதில்லை, இடம் மாறுகின்றன. ராஜஸ்தானில் மணற்கல் வெட்டுகிறவர்களிடையே சிலிகோசிஸ் பெருகி, அம்மாநில அரசு 2019-இல் அதற்கென்றே தனிக் கொள்கை வகுக்க நேர்ந்தது. அதைவிடப் புதியது, சமையலறை மேடைகளுக்கென்று பளிங்குக்கல் தூளையும் பிசினையும் சேர்த்து வார்க்கும் செயற்கைப் பலகை. நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் அதில் பளிங்குக்கல்தான் இருக்கக்கூடும். அதை உலர வெட்டிய முப்பது வயது இளைஞர்களுக்கு ஐந்தாறு ஆண்டுகளிலேயே துரித சிலிகோசிஸ் கண்டதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அப்பலகையைத் தடைசெய்துவிட்டது. இந்தியாவிலோ அது ஏராளமாக உற்பத்தியாகிறது, ஏற்றுமதியாகிறது, நம் நகரங்களின் கடைத்தெருக்களில் வாடிக்கையாளர் கொடுக்கும் அளவுக்கேற்ப அறுத்துத் தரப்படுகிறது. அறுக்கிற வாளின்மேல் தண்ணீர் விழுகிறதா, அறுப்பவர் முகத்தில் இருப்பது சுவாசக் கவசமா அல்லது வெறும் துண்டா என்பதைக் கடை வாசலில் நின்றே எவரும் பார்த்துவிட முடியும்.